விண்டோஸ் டேப்லெட்டில் இயங்குதளத்தை அடியிலிருந்து நிறுவுதல்

டேப்லெட்டில் விண்டோஸை அடியிலிருந்து நிறுவுவது என்றால், உள்ளிருக்கும் சேமிப்பகத்தை முழுவதும் துடைத்துவிட்டு, பென் டிரைவ் ஒன்றின் மூலம் கருவியைத் தொடங்கி, இயங்குதளத்தைப் புதிதாக எழுதுவது. கணினிக் கடைகளில் இதைத்தான் ‘ஃபார்மட் அடிப்பது’ என்கிறார்கள். மேசைக் கணினியில் இதைப் பலமுறை செய்து பழகியவர்கள்கூட டேப்லெட்டில் தடுமாறுவதுண்டு. அதில் நிரந்தரமான கீபோர்டு இல்லை. யுஎஸ்பி துளை பெரும்பாலும் ஒன்றுதான். சேமிப்பகம் வாங்கிய நாளிலிருந்தே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவும் நேரத்தில் தொடுதிரையே செயல்படாமல் போகலாம். நிறுவும் வேலை எளிது. அழிப்பதற்கு முன் செய்யும் ஆயத்தத்தில்தான் காரியம் கெடுவதும் நல்லபடி முடிவதும் இருக்கிறது. அதனால் இந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல் ஆயத்தத்தைப் பற்றியதே.

இங்கே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சர்ஃபேஸ் வரிசை அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2012இல் தொடங்கிய இந்த வரிசையில் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி மீட்புக் கோப்பை நிறுவனமே இலவசமாகத் தருகிறது. மற்ற நிறுவனங்களின் டேப்லெட்டுகளுக்கு வேறுபடும் இடங்கள் அங்கங்கே சுட்டப்படும்.

நிறுவுவது உண்மையில் தேவையா?

கருவி மெதுவாகிவிட்டது, அடிக்கடி நீலத்திரை வருகிறது, வைரஸ் புகுந்திருக்கிறது, விற்கப்போகிறோம் என்பவை நியாயமான காரணங்கள். ஆனால் விண்டோஸ் ஓரளவாவது திறக்கிறது என்றால், முதலில் முயல வேண்டியது அமைப்புகளில் உள்ள ‘ரீசெட் திஸ் பிசி’ வசதி. அதில் இரண்டு வழிகள் உண்டு. ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’ டேப்லெட்டுக்குள் இருக்கும் கோப்புகளைக் கொண்டே விண்டோஸை மறுபடி கட்டும். 2020இல் வந்த ‘கிளவுட் டவுன்லோட்’ புதிய பிரதியை இணையத்திலிருந்து இறக்கும். இதற்கு ஏறத்தாழ 4 ஜிபி டேட்டா செலவாகும். உள்ளிருக்கும் கோப்புகளே சிதைந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் இரண்டாவதே நல்லது. ‘ரீசெட்’ வழியில், வன்பொருளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் பெரும்பாலும் தங்கிவிடுவதால் தொல்லை குறைவு. இதுவும் பாதியில் நின்றுபோனால், அல்லது விண்டோஸ் தொடங்கவே மறுத்தால், அடியிலிருந்து நிறுவுவதுதான் வழி.

வன்பொருள் கோளாறை இயங்குதளம் தீர்க்காது. திரையின் ஓரம் சட்டத்திலிருந்து மேலெழும்பியிருந்தால், அல்லது நடுவில் மஞ்சளாகப் படர்ந்து வீங்கியிருந்தால், உள்ளே லித்தியம் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அந்த டேப்லெட்டைச் சார்ஜில் போடக் கூடாது. மணிக்கணக்கில் சூடேற்றும் நிறுவல் வேலையை அதில் தொடங்கவும் கூடாது. உடனே அணைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே பாதுகாப்பு.

எந்தப் பதிப்பு?

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆகவே கருவி ஏற்குமானால் விண்டோஸ் 11ஐ நிறுவுவதே சரி. அதற்குக் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, ஆதரவுப் பட்டியலில் உள்ள செயலி ஆகியவை வேண்டும். சர்ஃபேஸ் வரிசையில் எல்லைக்கோடு தெளிவானது: 2018இல் வந்த சர்ஃபேஸ் புரோ 6 முதல் விண்டோஸ் 11 கிடைக்கும், 2017இன் ஐந்தாம் தலைமுறைப் புரோவுக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் கிடைக்காது. சிறிய சர்ஃபேஸ் கோ வகையில் முதல் மாடலுக்கு இல்லை, கோ 2க்கு உண்டு.

செயலியின் வகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்ஃபேஸ் புரோ எக்ஸ், குவால்காம் ஸ்னாப்டிராகன் எக்ஸ் செயலியுடன் 2024இல் வந்த சர்ஃபேஸ் புரோ போன்றவை ஆர்ம் கட்டமைப்பைச் சேர்ந்தவை. இன்டெல் கருவிக்காகத் தயாரித்த பென் டிரைவ் இவற்றில் தொடங்கவே தொடங்காது. புரோ 9 மாடலில் இன்டெல், ஆர்ம் இரண்டு வகையும் விற்கப்பட்டன என்பதால் பெயரை மட்டும் நம்பக் கூடாது. அமைப்புகளில் ‘சிஸ்டம்’ பகுதியின் ‘அபவுட்’ பக்கத்தில் செயலியின் பெயரும் வகையும் காணக் கிடைக்கும்.

அழிப்பதற்கு முன்

முதல் வேலை, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தேடிக் குறித்துக்கொள்வது. பெரும்பாலான விண்டோஸ் டேப்லெட்டுகளில், உரிமையாளர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த கணமே சேமிப்பகம் தானாகக் குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை. மீட்புச் சாவி என்பது 48 இலக்க எண். ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனங்கள் பக்கத்தில் அது சேமிக்கப்பட்டிருக்கும். அலுவலகக் கருவியானால் அலுவலக நிர்வாகியிடம் இருக்கும். எல்லாவற்றையும் அழிப்பதற்கு இந்தச் சாவி தேவையில்லை. ஆனால் கெட்டுப்போன டேப்லெட்டிலிருந்து கோப்புகளை எடுக்க வேண்டுமென்றால் அது இல்லாமல் முடியாது. சாவி தொலைந்தால் உள்ளிருக்கும் தரவை மைக்ரோசாஃப்ட்டாலும் திறக்க இயலாது. சாவி கையில் வரும்வரை அழிக்கும் பேச்சையே எடுக்கக் கூடாது.

அடுத்தது கோப்புகள். ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ என்று வழக்கமான கோப்புறைகளை எல்லோரும் எடுத்துவைப்பார்கள். ‘டவுன்லோட்ஸ்’, ‘டெஸ்க்டாப்’, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு ஆகியவை மறந்துபோகும். ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே என்பதால், எல்லாம் மேகத்தில் ஏறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வெளி வன்தட்டில் நகலெடுத்து, அதை இன்னொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே நகல் எடுத்தாயிற்று என்று கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதுவோர் எழுத்துருக்களையும் பார்க்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் புரியாத ஆங்கிலக் குறிகளாகவே தெரியும். அச்சகம், பத்திரிகை, பள்ளி அலுவலகம் என இன்றும் அந்த ஆவணங்கள் புழங்கும் இடங்கள் நிறைய. விண்டோஸ் கோப்புறையின் ‘ஃபான்ட்ஸ்’ பகுதியில் மட்டும் தேடினால் போதாது. அண்மைப் பதிப்புகளில் எழுத்துருக்கள் பயனரின் சொந்தக் கோப்புறையிலும் நிறுவப்படுகின்றன. ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த கோப்புறைக்குள் இருக்கும் அவற்றையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும்.

உரிமத்தால் கருவியோடு கட்டப்பட்ட மென்பொருள்களை முறைப்படி விடுவிப்பது மூன்றாவது வேலை. வணிகர்கள் பயன்படுத்தும் டேலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உரிமத்தை ‘சரண்டர்’ செய்யாமல் சேமிப்பகத்தைத் துடைத்தால், மறுபடி இயக்கும்போது வீண் அலைச்சல் வரும். அடோபி மென்பொருள்களிலும் கணக்கிலிருந்து வெளியேறிவிடுவது நல்லது. விண்டோஸின் உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே தயாரிப்பாளர் நிறுவித் தரும் விண்டோஸின் சாவி தாய்ப்பலகையின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கிறது. ஹோம், புரோ என்பதில் முன்பிருந்த அதே வகையை நிறுவினால் இணையத்தில் இணைந்ததும் தானாகச் செல்லுபடியாகும்.

சர்ஃபேஸ் அல்லாத டேப்லெட்டுகளில் நான்காவதாக ஒரு வேலை உண்டு. அது டிரைவர்களை நகலெடுப்பது. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் டிரைவர்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் பல அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டன. விண்டோஸுடனேயே வரும் ‘பிஎன்பியூடில்’ கட்டளைக் கருவியில் நிறுவப்பட்ட எல்லா டிரைவர்களையும் ஒரே கோப்புறைக்கு ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. டேப்லெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்து பென் டிரைவில் வைத்துவிட வேண்டும். துடைத்த பிறகு அந்த டிரைவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது பல நாள் வேலையாகிவிடும்.

தேவையான பொருட்கள்

16 அல்லது 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று, அந்த டேப்லெட்டின் சொந்தச் சார்ஜர், கம்பியுள்ள யுஎஸ்பி கீபோர்டு, ஓடும் நிலையில் உள்ள இன்னொரு விண்டோஸ் கணினி. டேப்லெட்டில் சிறிய டைப்-சி துளை மட்டும் இருந்தால் யுஎஸ்பி ஹப் தேவைப்படும். சார்ஜ் ஏறுவதும் அதே துளை வழியாகத்தான் என்றால், மின்சாரத்தையும் உள்ளே செலுத்தும் வகை ஹப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். பெரும்பாலான சர்ஃபேஸ் மாடல்களில் சார்ஜருக்குத் தனிக் காந்த இணைப்பு இருப்பதால் யுஎஸ்பி துளை காலியாகவே கிடைக்கும். புளூடூத் கீபோர்டு இங்கே உதவாது. அது வேலை செய்யத் தேவையான டிரைவர் நிறுவலின் நடுவில் இருக்காது.

பென் டிரைவைத் தயாரித்தல்

சர்ஃபேஸுக்கு நல்ல வழி, நிறுவனம் தரும் மீட்புக் கோப்பு. மைக்ரோசாஃப்ட் ஆதரவுத் தளத்தில் மாடலையும் வரிசை எண்ணையும் கொடுத்தால் பல ஜிபி அளவுள்ள ஜிப் கோப்பு இறங்கும். சர்ஃபேஸ் புரோ மாடல்களில் வரிசை எண் பின்புறத் தாங்கியைத் திறந்தால் அதன் அடியில் அச்சிடப்பட்டிருக்கும். இந்தக் கோப்பில் விண்டோஸுடன் அந்த மாடலுக்கான எல்லா டிரைவர்களும் இருக்கின்றன. தொடுதிரையும் வைஃபையும் முதல் திரையிலிருந்தே வேலை செய்வதற்கு அதுதான் காரணம்.

இன்னொரு விண்டோஸ் கணினியில் பென் டிரைவைச் செருகி, ‘ரிகவரி டிரைவ்’ என்ற கருவியைத் திறக்க வேண்டும். அதில் கணினியின் கோப்புகளைச் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் உள்ள டிக் குறியை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கணினியின் விண்டோஸ் பென் டிரைவில் ஏறிவிடும். கருவி தன் வேலையை முடித்ததும், ஜிப் கோப்பில் உள்ள அனைத்தையும் பென் டிரைவுக்கு நகலெடுத்து, பழைய கோப்புகளை மாற்றவா என்று கேட்டால் சம்மதிக்க வேண்டும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருப்பது முக்கியம். பெரும்பாலான டேப்லெட்டுகளின் ஃபர்ம்வேர் தொடக்க நேரத்தில் படிக்கக்கூடிய முறை அதுதான்.

மற்ற டேப்லெட்டுகளுக்கு மைக்ரோசாஃப்ட்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ போதும். 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 11இன் பொதுப் பிரதியை அதுவே எழுதித் தரும். இந்தப் பொதுப் பிரதியில் மாடலுக்கென்று உள்ள டிரைவர்கள் இருக்காது. முன்பே ஏற்றுமதி செய்த கோப்புறையை அதே பென் டிரைவில் ஓரமாகப் போட்டு வைக்கலாம். ஆர்ம் கருவிகளுக்கான பிரதியை இந்தக் கருவி தருவதில்லை. 2024 நவம்பரிலிருந்து மைக்ரோசாஃப்ட் தளத்தில் ஆர்ம் வகைக்கான ஐஎஸ்ஓ கோப்பு தனியாகக் கிடைக்கிறது.

பென் டிரைவிலிருந்து தொடங்குதல்

டேப்லெட்டை முழுவதும் அணைக்க வேண்டும். உறக்க நிலை போதாது. சார்ஜரையும் பென் டிரைவையும் இணைத்த பிறகு, ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி விட வேண்டும். சின்னம் தோன்றினாலும் ஒலிப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. சுழலும் புள்ளிகள் தெரிந்த பிறகே எடுக்க வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். சின்னத்தைப் பார்த்ததும் விரலை எடுத்துவிடுவதால் பழைய விண்டோஸே மறுபடி திறந்துகொள்ளும்.

அப்படியும் பென் டிரைவிலிருந்து தொடங்காவிட்டால், ஒலியைக் கூட்டும் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பவரை அழுத்தினால் யுஇஎஃப்ஐ அமைப்புத் திரை வரும். அதில் ‘பூட் கான்ஃபிகரேஷன்’ பகுதியில் யுஎஸ்பி சேமிப்பகம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதை வரிசையில் மேலே இழுத்து வைக்க வேண்டும். ‘செக்யூர் பூட்’ வசதியை அணைக்கத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பிரதி அதோடு ஒத்துப்போகும். யுஇஎஃப்ஐ திரை தெரியாத கடவுச்சொல்லைக் கேட்டால், அது நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டில் இருந்த கருவியாக இருக்கலாம்; விற்றவரிடம் விசாரித்த பிறகே மேலே போக வேண்டும்.

துடைத்தலும் நிறுவலும்

சர்ஃபேஸ் மீட்புப் பென் டிரைவில் மொழியையும் கீபோர்டு அமைப்பையும் தேர்ந்த பிறகு ‘ரிகவர் ஃபிரம் எ டிரைவ்’ என்ற தேர்வு வரும். இந்தக் கட்டத்தில் பிட்லாக்கர் சாவியைக் கேட்டால், எல்லாவற்றையும் அழிக்கப்போவதால் ‘ஸ்கிப் திஸ் டிரைவ்’ என்பதைத் தொட்டுக் கடக்கலாம். பிறகு இரண்டு வழிகளைக் காட்டும்: கோப்புகளை மட்டும் நீக்குவது, சேமிப்பகத்தை முழுவதும் சுத்தம் செய்வது. சொந்தப் பயனுக்கு முதலாவது போதும். கருவியை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ போகிறவர்கள் நேரமானாலும் இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பொதுப் பிரதியில் நடைமுறை வேறு. தொடுதிரை அசையாமல் இருக்கலாம் என்பதால் யுஎஸ்பி கீபோர்டின் டேப், அம்புக்குறி, என்டர் விசைகளால் நகர வேண்டியிருக்கும். விண்டோஸின் உரிமச் சாவி கேட்கும் திரையில் ‘ஐ டோன்ட் ஹேவ் எ பிராடக்ட் கீ’ என்பதைத் தேர்ந்தால் போதும். பிறகு சேமிப்பகங்களின் பட்டியல் வரும். உள்ளிருக்கும் சேமிப்பகத்தின் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக அழித்து, எல்லாம் ஒரே ஒதுக்கப்படாத இடமாக மாறிய பிறகு அதைத் தேர்ந்து தொடர வேண்டும். தேவையான சிறு பார்ட்டிஷன்களை விண்டோஸே உருவாக்கிக்கொள்ளும். செருகியிருக்கும் பென் டிரைவும் அதே பட்டியலில் தெரியும். அளவைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். நகலெடுத்து வைத்த வெளி வன்தட்டு அப்போது டேப்லெட்டில் செருகியிருக்கவே கூடாது. ஒரு தவறான தொடுதலில் மூலமும் நகலும் சேர்ந்து போய்விடும்.

பட்டியல் வெறுமையாக இருந்தால் உடனே சேமிப்பகம் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலிகள் கொண்ட சில கருவிகளில் சேமிப்பகத்தைக் காண்பதற்கே இன்டெலின் தனி டிரைவர் வேண்டும். ‘லோட் டிரைவர்’ பொத்தானைத் தொட்டு, தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி விரித்து வைத்த கோப்புறையைக் காட்டினால் சேமிப்பகம் தெரியவரும். அதன் பிறகும் தெரியாவிட்டால்தான் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

கோப்புகள் எழுதப்படும்போது விழுக்காட்டுக் கணக்கு ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்பது இயல்பு. பொறுமை இழந்து பவரை அணைப்பதுதான் தீங்கு. முதல் மறுதொடக்கம் வந்ததும் பென் டிரைவை எடுத்துவிடலாம். எடுக்காவிட்டால் சில கருவிகள் திரும்பவும் அதிலிருந்தே தொடங்கி முதல் திரைக்கே வந்து நிற்கும்.

முதல் அமைவு

நாடு, கீபோர்டு ஆகியவற்றைக் கேட்ட பிறகு இணைய இணைப்பைக் கேட்கும். ஹோம் பதிப்பில் இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயம். வைஃபை டிரைவர் இல்லாததால் பட்டியல் வெறுமையாக இருந்தால், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கம்பியால் இணைத்து ‘யுஎஸ்பி டெதரிங்’ வசதியைப் போட்டால் பெரும்பாலும் இணைப்பு கிடைத்துவிடும். இதைவிட எளிய வழி வேறில்லை.

நிறுவனம் அல்லது கல்லூரியின் பெயரைக் காட்டி அதன் கணக்கில் நுழையச் சொன்னால், அந்தக் கருவி இன்னமும் அவர்கள் பதிவேட்டில் இருக்கிறது என்று பொருள். எத்தனை முறை துடைத்தாலும் இது மாறாது. பதிவை நீக்க வேண்டியது அந்த நிறுவனத்தின் நிர்வாகியே. பழைய டேப்லெட் வாங்குவோர் பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தத் திரையைத் தாண்டிப் பார்த்துவிட வேண்டும்.

நிறுவிய பிறகு

நேரமும் தேதியும் சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். பேட்டரி முற்றிலும் இறங்கிக் கிடந்த டேப்லெட்டில் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கலாம். அப்படியிருந்தால் பாதுகாப்பான இணையத் தளங்கள் திறக்காது, உரிமமும் செல்லுபடியாகாது. பிறகு ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியைத் திறந்து, புதியது எதுவும் இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். விடுபட்ட டிரைவர்கள் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பகுதியில் கிடக்கும். ஃபர்ம்வேர் மேம்படுத்தல் ஓடும்போது சார்ஜரைக் கழற்றக் கூடாது.

‘டிவைஸ் மேனேஜர்’ திரையில் மஞ்சள் முக்கோணம் எதன்மேல் இருந்தாலும் பெரும்பாலும் அதற்கு டிரைவர் இல்லை என்று பொருள். அதைத் தேர்ந்து, ஏற்றுமதி செய்த கோப்புறையைக் காட்டினால் தானாகப் பொருத்திக்கொள்ளும். கேமரா, ஒலி, திரை திரும்புதல், பேனா ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்துவிட வேண்டும். ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தில் உரிமம் செல்லுபடியானதையும் உறுதிசெய்ய வேண்டும். சேமிப்பகம் மறுபடி குறியாக்கம் ஆகியிருக்கும். முன்பிருந்த 48 இலக்கச் சாவி இனிச் செல்லாது. புதிய சாவியைத் தாளில் எழுதி டேப்லெட்டிலிருந்து தனியாக வைக்க வேண்டும்.

தமிழுக்கு, மொழிகள் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே கிடைக்கின்றன. வெளி மென்பொருள் தேவையில்லை. புதிதாக நிறுவிய விண்டோஸில் நிர்மலா எழுத்துரு மட்டுமே தயாராக இருக்கும். லதா, விஜயா எழுத்துருக்களில் அமைத்த பழைய ஆவணங்களின் பக்க அமைப்பு குலைந்து தெரிந்தால், ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் சீராகும்.

பழைய ஆட்டம் செயலி டேப்லெட்டுகள்

2014, 2015 ஆண்டுகளில் இன்டெல் ஆட்டம் செயலியுடன் விலை குறைந்த விண்டோஸ் டேப்லெட்டுகள் இந்தியச் சந்தையில் பரவலாக விற்றன. ஐபால் ஸ்லைடு, மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் லேப்டேப், நோஷன் இங்க் கெய்ன் ஆகியவை அப்படி வந்தவை. பெரும்பாலும் 2 ஜிபி ரேமும் 32 ஜிபி சேமிப்பகமும் கொண்டவை. செயலி 64 பிட் வகையைச் சேர்ந்ததாக இருந்தும் இவற்றில் பலவற்றின் ஃபர்ம்வேர் 32 பிட் வகை. அதனால் 64 பிட் பென் டிரைவ் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. 32 பிட் வகையில் விண்டோஸ் 11 வெளியாகவே இல்லை என்பதால், இவற்றில் நிறுவ முடிவது விண்டோஸ் 10இன் 32 பிட் பிரதி மட்டும். தொடுதிரைக்கு டிரைவரோடு அந்த மாடலுக்கென்றே உள்ள சிறு ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டும். அது தொலைந்தால் திரை விரலை உணராது, அல்லது இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் நகரும். ஆகவே டிரைவர் நகல் இல்லாமல் இந்த வகையைத் துடைக்கவே கூடாது. துடைத்து நிறுவினாலும் பொது ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 10தான் அதில் ஓடும். மின்னூல் படிக்க, சேமித்து வைத்த காணொளி பார்க்க அது போதும், வங்கிக் கணக்கைத் திறக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.